வீட்டை விட்டுப் போகாதவர்கள்

பெரும்புயல் வருகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று அரசாங்கம் உத்தரவு போடுகிறது. ஒருவர் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தண்ணீர் கழுத்து வரை வந்ததும் போன் போட்டு, காப்பாற்றுங்கள் என்கிறார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா?

எங்கள் பல்கலைக்கழக இந்து சங்கத்தின் கலந்துரையாடலில் இந்தக் கேள்வி வந்தது. தர்மம் என்றால் என்ன என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் புயலில் வந்து நின்றது. முதலாமாண்டுத் தம்பி ஒருவர் சட்டென்று சொன்னார்: "அது அவங்க கர்மாண்ணே. தெரிஞ்சேதானே உள்ள இருந்தாங்க?" பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மணி எட்டாகிவிட்டது, அடுத்து பஜனை, பேச நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பி படிப்பார் என்று நம்புகிறேன்.

நான் சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் கட்டடங்களின் மேல் காற்றுச் சுமை பற்றி ஒரு அசைன்மெண்ட். அதற்காக அமெரிக்காவில் ஹரிக்கேன் அடிக்கும் மாநிலங்களின் வீடுகளைப் பற்றி நிறையப் படிக்க வேண்டி வந்தது. கணக்குக்காகப் படிக்கப் போய், கணக்கில் அடங்காத விஷயங்களில் மாட்டிக்கொண்டேன்.

நமக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் மிகவும் குறைவு, அதனால் புயல்கள் இங்கே லேசில் உருவாவதில்லை. ஆனாலும் 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பக்கம் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ஆகவே "நமக்கு வராது லா" என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நான் பேசப்போவது ஃபுளோரிடாவையும் லூசியானாவையும் பற்றித்தான். வருஷா வருஷம் ஜூன் முதல் நவம்பர் வரை இந்தக் கேள்வியோடு குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்வோம். மணிக்கு 119 கிலோமீட்டரைத் தாண்டினால் ஹரிக்கேன். 252ஐத் தொட்டால் ஐந்தாம் வகை. 119க்கும் 252க்கும் ஏதோ இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரில் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை சாய்ந்த மாதிரி. வினாடிக்கு 60 மீட்டர் என்றால் 225 கிலோ. இரண்டு கார் நிற்கும் கராஜ் கதவு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் இருக்கும். அதன் மேல் இரண்டு டன்னுக்கு மேல் சாய்கிறது. மெல்லிய தகரக் கதவு எப்படித் தாங்கும்? கதவு உள்ளே விழுந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை ஏற்கெனவே உறிஞ்சி இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை பறக்கும், கூரை போனால் சுவர் சாயும். 1992 ஆகஸ்டு 24ஆம் தேதி மயாமிக்குத் தெற்கே ஆண்ட்ரூ புயல் அடித்தபோது 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. அதன் பிறகுதான் அங்கே கட்டட விதிகளை இறுக்கினார்கள். கூரையைச் சுவரோடு கட்டும் சின்ன இரும்புப் பட்டை, ஜன்னலுக்கு ஷட்டர், கராஜ் கதவுக்கு முட்டுக்கட்டை. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கூரையில் பிடிக்கும் காற்று அஸ்திவாரம் வரை இறங்கிப்போக ஒரு தொடர்ச்சியான பிடி வேண்டும், எங்கே பிடி விடுகிறதோ அங்கே வீடு பிரியும். அவ்வளவுதான்.

அங்கே ஒரு குடும்பம் புயலுக்கு எப்படித் தயாராகிறது என்று படித்தால், நம் வீட்டில் தீபாவளிக்கு முந்திய வாரம் ஞாபகம் வரும். ஆளுக்கொரு வேலை. தகப்பனும் மகனும் ஜன்னல்களுக்கு ஒட்டுப்பலகை அடிப்பார்கள். (கண்ணாடியில் டேப் ஒட்டுவது சுத்த வீண், டேப் கண்ணாடியை உடையாமல் காக்காது. ஆனாலும் எத்தனையோ பேர் இன்னும் ஒட்டுகிறார்கள். ஏதோ செய்தோம் என்ற ஆறுதல் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக் காரில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை.) ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கில் குடிதண்ணீர். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர், கழிவறைக்கு ஊற்ற. டார்ச், பேட்டரி, டின் உணவு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, வீட்டுப் பத்திரம், பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். ஒரு கப்பில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு காசை வைத்து ஃப்ரீஸரில் விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது காசு கப்பின் அடியில் கிடந்தால், நடுவில் கரண்டு போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, இறைச்சியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்படிப்பட்ட தந்திரங்களை எந்த எஞ்சினியரும் சொல்லித் தரவில்லை. பாட்டிமார் கண்டுபிடித்தவை.

நியூ ஆர்லியன்ஸில் இன்னொன்று உண்டு. பரணில் கோடாலி. 1965இல் பெட்சி புயலில் தண்ணீர் ஏறியபோது ஜனங்கள் பரணுக்கு ஏறினார்கள். தண்ணீர் அங்கேயும் வந்தது. கூரையை உடைத்து வெளியே வர வழியில்லை. அன்றிலிருந்து சில வீடுகளில் பரணில் ஒரு கோடாலி இருக்கும். நாற்பது வருஷம் கழித்து, 2005இல் கத்ரீனா வந்தபோது அந்தக் கோடாலி இருந்த வீட்டார் கூரையைப் பிளந்து வெளியே வந்தார்கள். இல்லாத வீடுகளில் பரணிலேயே இறந்தவர்கள் உண்டு.

தயாராவது கடவுள் மேல் நம்பிக்கை குறைவா என்று சிலர் கேட்பார்கள். "சாமி பார்த்துக்கும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் மகாபாரதத்தில் மனுவின் கதையைப் பாருங்களேன். ஊழிவெள்ளம் வரப்போகிறது என்று மீன் வந்து சொல்கிறது. சொன்ன மீன் சாதாரண மீன் அல்ல, நினைத்திருந்தால் மனுவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அது, உறுதியான ஒரு படகு கட்டு, நீளமான கயிறு ஒன்று எடுத்துவை என்கிறது. தெய்வமே கயிறு கேட்கிறது! இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கையையும் தயாரிப்பையும் பற்றிய கேள்வி இதோடு முடிந்தது. எனக்கு அதில் பெரிய குழப்பமில்லை. குழப்பம் எல்லாம் வேறு இடத்தில்: போவதா, இருப்பதா?

போனவன் புத்திசாலி, இருந்தவன் முட்டாள் என்றுதான் நானும் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் விஷயம் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை புயல்களில் நேரடியாக இறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது காற்று அல்ல, தண்ணீர். கடல் பொங்கி உள்ளே வருவது, மழை வெள்ளம் இரண்டும். அதனால் யார் வெளியேற வேண்டும் என்ற வரைபடத்தைத் தண்ணீரை வைத்துப் போடுகிறார்கள். கடலோரத் தாழ்நிலத்தில் இருப்பவர் போக வேண்டும். மேட்டில், உறுதியான வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கலாம். இருக்கலாம் என்ன, இருப்பதுதான் நல்லது. ஏனென்றால் அவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ரோடு அடைத்துக்கொள்ளும். உண்மையில் ஓட வேண்டியவர் நடுவழியில் நிற்பார்.

இது கற்பனை இல்லை. 2005 செப்டம்பரில், கத்ரீனா முடிந்து மூன்றே வாரத்தில், ரீட்டா புயல் டெக்சாஸை நோக்கி வந்தது. நியூ ஆர்லியன்ஸ் காட்சிகளை டிவியில் பார்த்துப் பயந்துபோயிருந்த ஹூஸ்டன் ஜனங்கள், போகச் சொல்லப்பட்டவர், சொல்லப்படாதவர் எல்லாருமாகக் கிளம்பினார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ரோட்டில். கடும் வெயில், எண்ணெய் தீர்ந்துபோன கார்கள், நூறு மைல் நெரிசல். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஒரு பஸ் டல்லாஸ் அருகே தீப்பிடித்தது. உள்ளே ஆக்சிஜன் கலன்கள். 23 பேர் இறந்தார்கள். மொத்தத்தில் அந்தப் புயல் கொன்றவர்களைவிட அந்தப் பயணத்தில் இறந்தவர்களே அதிகம்.

அங்கே தப்பு செய்தவர் யார்? மேட்டில் பத்திரமாக இருந்தும் பயந்து கிளம்பிய குடும்பத்தைச் சொல்வதா? தன் பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே அவர்கள் கிளம்பினார்கள்? அவர்களை நான் திட்டமாட்டேன். ஆனால் ஒன்று புரிகிறது. போவதற்கு என்று தனியாகப் புண்ணியம் கிடையாது, இருப்பதற்கு என்று தனியாகப் பாவமும் கிடையாது. என் ஓட்டம் இன்னொருவர் வழியில் நிற்கிறதா என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

பலனை வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. வானிலை வரைபடத்தில் புயலின் பாதையை ஒரு கூம்பு மாதிரி வரைகிறார்களே, அதற்குள் புயலின் மையம் இருக்க மூன்றில் இரண்டு பங்குதான் வாய்ப்பு. அப்படித்தான் அதைக் கணக்குப் போட்டே வரைகிறார்கள். 2004இல் ஐவன் புயலுக்காக நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். ரோட்டில் மணிக்கணக்காக நின்றார்கள், ஹோட்டலுக்குக் காசு கட்டினார்கள். புயல் திரும்பி அலபாமா பக்கம் போய்விட்டது. "வீணாப் போனோமே" என்று நொந்துகொண்டார்கள். அடுத்த வருஷமே கத்ரீனா. போன தடவை போல இதுவும் திரும்பிவிடும் என்று இருந்தவர்கள் எத்தனை பேரோ.

கர்மயோகம் என்றால் பலனை எதிர்பார்க்காமல் வேலை செய்வது என்று நாம் மனப்பாடமாகச் சொல்வோம். எனக்கு அது புரிந்தது இந்த ஐவனில்தான். 2004இல் வெளியேறியவர் தப்பு செய்யவில்லை. அன்று கையில் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு. புயல் வராததால் அது தவறான முடிவாகிவிடாது. அதே மாதிரி, இருந்து தப்பித்தவர் சரியாக முடிவு செய்தார் என்றும் ஆகிவிடாது. நாம் என்ன செய்கிறோம்? தப்பித்தால் தைரியசாலி, செத்தால் முட்டாள் என்கிறோம். முடிவைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கிறோம். பலன் மேல் உரிமை கொண்டாடுவது இதுவும்தான், என்ன, அடுத்தவனுடைய பலன்.

இதற்கு ஒரு கதையே இருக்கிறது. 1969 ஆகஸ்டு 17ஆம் தேதி கமீல் புயல் மிசிசிப்பி கரையில் அடித்தது. பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடலோரமாக ரிஷெல்யூ என்ற அடுக்குமாடி. அங்கே போகாமல் இருந்தவர்கள் புயல் பார்ட்டி வைத்துக் குடித்துக் கூத்தடித்தார்கள், கட்டடம் அப்படியே போய் ஒருவரைத் தவிர எல்லாரும் செத்தார்கள் என்று பல வருஷம் பேப்பரிலும் புத்தகத்திலும் எழுதினார்கள். அது நடக்கவே இல்லை. அங்கே பார்ட்டி எதுவும் இல்லை, உயிர் பிழைத்தவர்களும் ஒருவருக்கு மேல். பிழைத்த ஒருவர் அப்படி ஒன்று நடக்கவில்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் கதை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அந்தக் கதை நமக்கு வேண்டியிருக்கிறது. செத்தவன் குடிகாரன், நான் குடிக்கமாட்டேன், ஆகவே எனக்கு ஒன்றும் ஆகாது. "அது அவங்க கர்மா" என்று நாம் சொல்லும்போதும் பல நேரம் இதே ஆறுதலைத்தான் தேடுகிறோம் என்பது என் கருத்து. கர்மக் கொள்கை என் வாழ்க்கையை நான் பார்த்துக்கொள்ள எனக்குக் கிடைத்த கண்ணாடி. அதைத் திருப்பி அடுத்தவர் முகத்துக்கு நேரே பிடிக்கும் வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை.

இப்போது கத்ரீனாவுக்கு வருவோம். 2005 ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை காலை, மேயர் கட்டாய வெளியேற்ற உத்தரவு போட்டார். மறுநாள் காலை புயல் கரையேறிவிட்டது. நடுவில் ஒரு முழு நாள்கூட இல்லை. ஊரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கார் வசதி கிடையாது என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். மாதக் கடைசி வேறு. சம்பளமும் உதவிப் பணமும் ஒன்றாம் தேதிதான் வரும். கையில் காசில்லாமல், கார் இல்லாமல், எங்கே போவது? யார் வீட்டில் தங்குவது? கரைகள் உடைந்து ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். படி இறங்கவே கஷ்டப்படுகிற ஒரு பாட்டியை, "தெரிஞ்சே இருந்தாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சிலர் நாய், பூனைக்காக இருந்தார்கள். தங்குமிடங்களில் பிராணிகளைச் சேர்க்கவில்லை, பத்து வருஷம் வளர்த்த நாயை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. டிவியில் பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அடுத்த வருஷமே, 2006இல், அவசரத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது. தர்மபுத்திரர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமலா போகும்?

சரி, தம்பி இப்போது கேட்பார்: "அண்ணே, நீங்க சொல்றது போக முடியாதவங்களைப் பத்தி. கார் இருக்கு, காசு இருக்கு, கடலோர வீடு, உத்தரவும் வந்திருக்கு, அப்பவும் போகாதவனை என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. அவரால் காப்பாற்றப் போகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. அங்கே காற்று மணிக்கு 65, 70 கிலோமீட்டரைத் தாண்டினால் பல ஊர்களில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வெளியே போகாது. நம்ம பொம்பாக்காரர் மாதிரிதான் அவர்களும், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள். 2017இல் ஹார்வி புயலுக்கு முன்னால் டெக்சாஸின் ராக்போர்ட் ஊரில் ஒரு நகர அதிகாரி, போக மறுப்பவர்கள் தங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் அழியாத மையால் கையில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பிணத்தை அடையாளம் காணத்தான். கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது. கொடுமை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. உன்னை இழுத்துக்கொண்டு போகமாட்டேன், ஆனால் நீ என்ன தேர்ந்தெடுக்கிறாய் என்பதை முழுசாகப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடு என்கிறார்.

வளர்ந்த ஒருவர் தன் உயிரைப் பற்றி இப்படி முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பிறந்து வளர்ந்த வீட்டில் சாவது மேல் என்று ஒரு தாத்தா சொன்னால், அவரைக் கையைக் கட்டி வண்டியில் ஏற்றுவதா? ஆனால் காற்று அடிக்கும் அந்த நேரத்தில் இன்னொருவரை வெளியே கூப்பிட அவருக்கு உரிமை இல்லை. காற்று நின்ற பிறகு உண்டு. நின்ற பிறகு படகு எடுத்துக்கொண்டு போகிறவர், "நீ ஏன் போகவில்லை?" என்று கேட்டுவிட்டு ஏற்றுவதில்லை. கத்ரீனாவிலும் ஹார்வியிலும் லூசியானாவின் மீன்பிடிப் படகுக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே போனார்கள், கூரைமேல் நின்றவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டார்கள். ஹெல்மெட் போடாமல் விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போடத்தானே செய்கிறார்கள்? உதவி என்பது நல்ல நடத்தைக்குக் கொடுக்கிற பரிசு இல்லை. அப்படி ஆக்கினால் நம்மில் யார் தேறுவோம்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் வேறு. அந்த வளர்ந்தவர் தனியாக இருப்பது ரொம்ப அபூர்வம். வீட்டில் மனைவி, மூன்று வயதுப் பிள்ளை, நடக்க முடியாத மாமியார். "நான் எத்தனை புயல் பார்த்தவன்" என்று ஒருவர் சொல்கிறார், மற்ற நாலு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள். அந்த மூன்று வயதுப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்? நம் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். அப்பா சொன்னால் முடிந்தது. அப்பா வாயே திறக்காவிட்டாலும், அவர் எழுந்து பையைக் கட்டாவிட்டால் யாரும் கட்டமாட்டார்கள். தன் உயிரைப் பந்தயம் வைப்பது ஒருவரின் உரிமையாக இருக்கலாம். கேட்காமல் அடுத்தவர் உயிரைப் பந்தயம் வைத்தவர் யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சூதாட்ட மண்டபத்தில் பாஞ்சாலி கேட்ட கேள்வியே அதுதானே: என்னை வைத்தாட உங்களுக்கு உரிமை ஏது?

வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் இது போகிறது. 2020இல் லாரா புயல் லூசியானாவில் அடித்தபோது இறந்தவர்களில் பலர் ஜெனரேட்டர் புகையால் இறந்தார்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. புயலில் பிழைத்து, மறுநாள் தூக்கத்தில் போனவர்கள். 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏர்கண்டிஷன் நின்றுபோனது. கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. வெப்பத்தில் 12 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி கரண்டோடு இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூரை தாங்கியது, சுவர் தாங்கியது, என் பாடப்புத்தகப்படி அந்தக் கட்டடம் பாஸ். அடுத்த வருஷம் அந்த மாநிலத்தில் முதியோர் இல்லங்களுக்கு ஜெனரேட்டர் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள்.

வருமுன் காப்பது பற்றிய திருக்குறளை இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். குற்றங்கடிதல். அங்கே வராமல் காக்கச் சொல்வது வெள்ளத்தையோ புயலையோ அல்ல, நம்மிடமிருந்து வரக்கூடிய குற்றத்தை. புயல் என் கையில் இல்லை. புயல் நேரத்தில் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பது ஓரளவு கையில் இருக்கிறது, அதுவும் முன்கூட்டியே யோசித்தால்தான். கடையில் தண்ணீர்ப் புட்டிகள் தீரும்போது கடைசிப் பெட்டியைத் தூக்கும் கை என்னுடையதாக இருக்குமா? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம் ஊர்க் கடைகளில் ரொட்டி அலமாரி காலியானதை எல்லாரும் பார்த்தோம். அந்த வரிசையில் நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது, எது தேவை என்று முன்பே உட்கார்ந்து எண்ணாதவர்கள், அவ்வளவுதான். புயல் வரும் ஊர்களில் ஜூன் மாதமே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கச் சொல்வதில் இந்த நியாயமும் இருக்கிறது. நான் மே மாதம் வாங்கிய புட்டி, ஆகஸ்டில் கார் இல்லாத ஒருவர் நடந்து போய்ச் சேரும்போது கடையில் மிச்சம் இருக்கும்.

கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிய கதையைச் சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்டபோது எனக்கு அந்தச் சுண்டுவிரல்தான் அதிசயம். மலையின் எடை என்ன இருக்கும் என்று ஆசிரியையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அதே கதையில் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. ஏழு நாள் மழை. கோகுலத்தார் மாடு, கன்று, வண்டி, கிழவர், குழந்தை என்று எல்லாவற்றையும் அந்த ஒரே கூரையின் கீழே கொண்டுவந்தார்கள். இந்திர பூஜையை நிறுத்த வேண்டாம் என்று வாதாடியவர்கள் அவர்களில் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். அவரை வெளியே நிறுத்தியதாகக் கதையில் இல்லை.

கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் கார் இல்லாதவர்களுக்காகப் பல இடங்களில் கை தூக்கி நிற்கும் ஆள் மாதிரி உயரமான உலோகச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். கட்டாய உத்தரவு வந்தால் அதனடியில் போய் நிற்க வேண்டும், இலவச பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அந்தச் சிலை வரை நடக்க முடியாதவர்களுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு பஸ். இதுவும் எஞ்சினியரிங்தான் என்று என் விரிவுரையாளரிடம் சொன்னேன். அசைன்மெண்டில் சேர்த்துக்கொள், ஆனால் கணக்கைக் குறைக்காதே என்றார்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் வெள்ளம் மேல்மாடி வரை வந்தபோது நம் இளைஞர்கள் பலர் படகும் சாப்பாட்டுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நல்லது. ஆனால் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கேட்க வேண்டியிருந்தால் நேரம் போகும். அதனால் போன ஞாயிறு எங்கள் லோரோங்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். 22 வீடு. மூன்று பேர் கதவைத் திறக்கவில்லை, இன்சூரன்ஸ் விற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். படுக்கையில் இருப்பவர் இரண்டு பேர். ஆக்சிஜன் மிஷின் வைத்திருப்பவர் ஒருவர். சக்கர நாற்காலி ஒன்று. கோடி வீட்டு ஆயா தனியாக இருக்கிறார், காது கேட்காது. அவரிடம் தண்ணீர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று சத்தமாகக் கேட்டேன். "நீதான் வரப்போறியே, எழுதிக்கிட்டுப் போறே இல்ல?" என்றார்.